கதிரில் ஆயிரம், நாற்றில் ஒன்று

வேளாண் பூச்சியியல் படித்துவிட்டு இங்கிலாந்துக்கு வர நினைக்கும் பிள்ளைகள் அவ்வப்போது எனக்கு எழுதுகிறார்கள். பயிர்ச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியில் அப்படி என்ன ஆராய்ச்சி, நாள் முழுக்க என்ன செய்வீர்கள், நம் ஊருக்கு அது உபயோகப்படுமா என்பவைதான் பெரும்பாலும் கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் இருப்பது கிழக்கு இங்கிலாந்தில், தானியப் பயிர்களில் அசுவினி பரப்பும் வைரஸ் நோயைப் பார்க்கும் ஒரு சின்னக் குழுவில். பேராசிரியர் எல்லாம் இல்லை. பூச்சி வளர்ப்பது, செடிக்கு நோய் ஏற்றுவது, வயலில் எண்ணுவது, இலை மாதிரி சோதிப்பது என்று கையில் மண் ஒட்டும் வேலைகள் என்னுடையவை.

ஊரில் எங்களுக்கு உடுமலைப் பக்கம் கொஞ்சம் சோளமும் மக்காச்சோளமும் உண்டு. அசுவினி என்றால் அங்கே நான் பார்த்துப் பழகியது குருத்துக்குள் கரும்பச்சையாக அப்பிக் கிடக்கும் கூட்டம். இலையெல்லாம் பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூசணம், தண்டில் ஏறி இறங்கும் எறும்புச் சாரை. நிறைய இருந்தால் பயம், கொஞ்சம் இருந்தால் விட்டுவிடலாம் என்பதுதான் எங்கள் கணக்கு. கோதுமை வயலுக்கு வந்ததும் அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது.

ஜூன் கடைசியில் இங்கே வயலுக்குள் நுழைந்தால் கதிருக்குக் கதிர் அசுவினி உட்கார்ந்திருக்கும். சிட்டோபியான் அவெனே என்று பெயர், தானிய அசுவினி. பச்சையிலும் உண்டு, செம்பழுப்பிலும் உண்டு. பின்புறம் நீளமாக இரண்டு கறுப்புக் குழல்கள். மணி பால் பிடிக்கும் நேரத்தில் சாற்றை உறிஞ்சுவதால் மணி சிறுத்து எடை குறையும். பார்த்தால் பகீரென்று இருக்கும். ஆனால் இங்குள்ள பரிந்துரைப்படி, பூ எடுக்கும் முன் பாதித் தூர்களிலும், பூ எடுத்தபின் மூன்றில் இரண்டு பங்குத் தூர்களிலும் பூச்சி இருந்தால்தான் மருந்தைப் பற்றியே யோசிக்க வேண்டும். பல வருடங்களில் அந்த அளவை எட்டுவதற்குள் பொறிவண்டும் சிர்ஃபிட் ஈயின் புழுவும் ஒட்டுண்ணிக் குளவியும் வந்து கூட்டத்தைக் கரைத்துவிடும். ஈரமான கோடை என்றால் பூஞ்சாணம் மிச்சத்தை முடித்துவைக்கும்.

அதே வயலுக்கு அக்டோபரில் வாருங்கள். இப்போது விதைத்து இரண்டு இலை விட்டிருக்கும் நாற்று. முட்டி போட்டு வரிசை வரிசையாக நகர்ந்தாலும் வெகு நேரம் ஒன்றும் கண்ணில் படாது. பிறகு ஒரு நாற்றில், மண்ணை ஒட்டிய இடத்தில், அடியிலை தண்டைச் சுற்றியிருக்கும் மடிப்பில் ஒரே ஒரு இறகுள்ள அசுவினி, பக்கத்தில் நாலைந்து குஞ்சுகள். ரோபலோசைஃபம் படி என்ற இனம். ஆலிவ் பச்சை உடம்பு, பின்குழல்களின் அடியில் துருப்பிடித்தாற்போல ஒரு திட்டு. அது உறிஞ்சும் சாற்றால் அந்த நாற்றுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் அது வரும்போது எதைக் கொண்டுவந்தது என்பதில்தான் அடுத்த ஆண்டு அறுவடை நிற்கிறது.

அது கொண்டுவரக்கூடியது பார்லி மஞ்சள் குட்டை வைரஸ். 1951இல் கலிபோர்னியாவில் ஓஸ்வால்ட், ஹூஸ்டன் என்ற இருவர்தான் பார்லியில் வரும் இந்த மஞ்சள், அசுவினி பரப்பும் வைரஸ் நோய் என்று எடுத்துச் சொன்னார்கள். பெயரில் பார்லி இருந்தாலும் கோதுமை, ஓட்ஸ் மட்டுமில்லாமல் நூற்றுக்கும் மேற்பட்ட புல்வகைகளில் இது குடியிருக்கும். பார்லியில் இலை நுனியிலிருந்து பளீரென்று மஞ்சளிக்கும். ஓட்ஸில் செந்நிறம் ஏறும். கோதுமையில் பெரும்பாலும் கண்ணாடி இலை, அதாவது கதிருக்கு அடியில் உள்ள கடைசி இலை, வந்தபிறகுதான், நுனி சிவந்தோ மஞ்சளித்தோ, தெரியவரும். நாற்றிலேயே நோய் ஏறிய செடி குட்டையாகி, வேர் சுருங்கி, கதிர் சிறுத்துவிடும். மோசமான வயலில் விளைச்சலில் பாதிகூடப் போகும். இலையுதிர்காலத்தில் ஏறிய நோய் வசந்தத்தில்தான் திட்டுத் திட்டாகக் கண்ணுக்குத் தெரியும். அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை.

திட்டு வட்டமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பறந்து வந்த பூச்சி ஒரு நாற்றில் இறங்குகிறது, அங்கேயே குஞ்சு போடுகிறது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து போடும் குஞ்சுகள்தான் இடநெருக்கடியில் பக்கத்து நாற்றுகளுக்கு நடந்தே போகின்றன. ஒரு நாற்றில் வந்த நோய் சுற்றி நாலாப் பக்கமும் பரவுவது இந்த நடையால்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; மருந்தடிக்கும் நாள் குறிப்பதே இதை வைத்துத்தான், பின்னால் சொல்கிறேன்.

இனி ஆய்வகம். இந்த வைரஸ் செடியின் உணவுக்குழாய்த் திசுவுக்குள் மட்டுமே வாழும். புகையிலை மொசைக் வைரஸ் மாதிரி நோய்ச்செடிச் சாற்றை எடுத்து நல்ல இலையில் தேய்த்து ஏற்ற முடியாது. நோய் ஏற்ற வேண்டுமென்றால் அசுவினியின் வாயால்தான். ஆகவே இந்தத் துறையில் யாராக இருந்தாலும் முதலில் அசுவினி வளர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். ஊரில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் பெருகுகிற பூச்சிதானே!

பெருகும், சந்தேகமில்லை. ஆண் தேவையில்லை, முட்டை இல்லை, நேராகக் குஞ்சுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தாயின் பின்புறத்திலிருந்து குஞ்சு பின்பக்கம் முதலில் வெளிவருவது தெரியும். கால்கள் உடம்போடு ஒட்டி மடிந்திருக்கும். மெதுவாக ஒவ்வொரு காலாகப் பிரித்து, இலையில் ஊன்றி, தாயிடமிருந்து தன்னை விடுவித்துக்கொண்டு நடக்க ஆரம்பிக்கும். தாய் இத்தனைக்கும் சாறு குடிப்பதை நிறுத்தாது. பிறக்கும் குஞ்சின் வயிற்றில் அடுத்த தலைமுறைக் கருக்கள் ஏற்கெனவே உருவாகத் தொடங்கியிருக்கும். பாட்டி, மகள், பேத்தி மூவரும் ஒரே தோலுக்குள். 20 டிகிரி வெப்பத்தில் அந்தக் குஞ்சு ஒரு வாரம், பத்து நாளில் தானே தாயாகிவிடும்.

இதனால்தான் சோதனைக்குப் பூச்சி எடுக்கும்போது அதன் வயதைப் பார்த்தால் மட்டும் போதாது. அதன் தாய் எப்படி வாழ்ந்தது என்பதும் பதிலில் வந்து நிற்கும். நெரிசலான தொட்டியில் வாழ்ந்த தாயின் பிள்ளைகளுக்கு இறகு முளைக்கும். இறகுள்ளது குறைவாகக் குஞ்சு போடும், இலையில் நிலையாக உட்காராது. ஒரே தொட்டியில் இரண்டு மூன்று தலைமுறை நெரிசலில்லாமல் வளர்த்து, ஒரே நாளில் பிறந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்துச் சோதிப்பதுதான் முறை. விளக்கு 16 மணி நேரம் எரிய வேண்டும். பகல் சுருங்கிக் குளிரும் சேர்ந்தால் சில குடும்பங்கள் குளிர்காலம் வந்துவிட்டதென்று ஆணும் முட்டையிடும் பெண்ணுமாகப் போட ஆரம்பித்துவிடும், உங்கள் சோதனை அதோடு போயிற்று.

பூச்சியை எடுக்கும் விதத்தை யாரும் புத்தகத்தில் அழுத்திச் சொல்வதில்லை. அசுவினியின் வாய் ஒரு மெல்லிய ஊசிக்கட்டு, அது இலைக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். தூரிகையால் அப்படியே தூக்கினால் ஊசி ஒடிந்துவிடும். பூச்சி உயிரோடு நடமாடும், ஆனால் இனி குடிக்க முடியாது. இரண்டு நாளில் சாகும். நீங்கள் மருந்தால் செத்தது என்றோ, செடியின் எதிர்ப்புச் சக்தியால் செத்தது என்றோ எழுதிவைப்பீர்கள். அதனால் மிக மெல்லிய ஈரத் தூரிகையால் முதுகின் பின்பக்கத்தை லேசாக வருடி, அது தானாக ஊசியை உருவிக்கொண்டு நடக்கும்வரை காத்திருந்து, நடக்கும்போது தூரிகையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பூச்சிக்கு அரை நிமிடம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். நூற்றுக்கணக்கில் மாற்ற வேண்டிய நாளில் பொறுமை போய்விடும். போனால் எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், அவசரப்பட்டு எடுத்த பூச்சி ஒன்றுக்கும் உதவாது.

எங்கள் வளர்ப்பு அறையில் ஒரு வருடம் ஒட்டுண்ணிக் குளவி புகுந்துவிட்டது. கொசு அளவுகூட இருக்காது, கறுப்பாக ஒரு புள்ளி. அசுவினிக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளிருந்தே தின்னும், கடைசியில் அசுவினி ஊதிப்போய்த் தங்கப் பழுப்பு உருண்டையாக இலையில் ஒட்டிக்கிடக்கும். மம்மி என்போம். தொட்டியில் ஒரு மம்மி தெரிந்த அன்று பக்கத்துக் கூண்டுகளிலும் ஏற்கெனவே முட்டை வைத்தாயிற்று என்று அர்த்தம். கூண்டுகளை எல்லாம் கொட்டி, அறையைக் கழுவி, வேறொரு ஆய்வகத்திலிருந்து பூச்சி வாங்கித் தொடங்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு: காலையில் முதலில் சுத்தமான பூச்சி அறை, அடுத்து வைரஸ் பூச்சி அறை, கடைசியில்தான் பசுமைக்குடிலும் வயலும். அன்று வயலுக்குப் போனவர் அன்று சுத்த அறைக்குத் திரும்பக் கூடாது. பெரிய விஞ்ஞானி வந்தாலும் விதி ஒன்றுதான்.

சுத்தப் பூச்சி என்றதும் ஒரு நல்ல செய்தி. இந்த வைரஸ் தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகாது. வைரஸ் ஏறிய கூட்டத்திலிருந்து சுத்தக் கூட்டம் உண்டாக்க வேண்டுமா? பிறந்த குஞ்சை, அது அந்த இலையில் சாறு குடிக்கும் முன், எடுத்து நல்ல நாற்றில் விட்டால் போதும். அது வளர்ந்து பெருகியபின் நாற்றைச் சோதித்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம். எத்தனை தலைமுறை நோயில் புரண்டிருந்தாலும் பிறப்பில் அது சுத்தம்.

தாய்ப் பூச்சிக்குள் நடப்பது வேறு கதை. நோய்ச்செடியின் சாற்றோடு வைரஸ் குடலுக்குள் போய், குடல் சுவரைக் கடந்து, உடலின் திரவத்தில் மிதந்து, துணை உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, அங்கிருந்து உமிழ்நீரில் வெளியேற வேண்டும். இதற்கு அரை நாளோ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஒரு முறை ஏறிவிட்டால் பூச்சி சாகும்வரை போகாது, தோல் உரித்தாலும் போகாது. ஒவ்வொரு சுவரிலும் வைரஸின் மேலுறைப் புரதம் பொருந்தினால்தான் வழிவிடும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரோச்சோ என்பவர் இதைத்தான் வருடக்கணக்காகத் தோண்டினார். எந்த வகை வைரஸை எந்த அசுவினி ஏற்றுகிறது என்று பார்த்து, அந்த அசுவினிகளின் பெயரெழுத்தையே வைரஸ் வகைகளுக்குப் பெயராக வைத்தார். எம்.ஏ.வி. வகையைத் தானிய அசுவினி ஏற்றும், ஆர்.பி.வி. வகையை ரோபலோசைஃபம் படி ஏற்றும், பி.ஏ.வி. இரண்டிலும் போகும். புதிதாக வருபவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்வது நல்லது. பொருந்தாத ஜோடியைச் சேர்த்துவிட்டு, நாற்று எதுவும் மஞ்சளிக்கவில்லையே, முறையில் எங்கே தப்பு என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு.

இலைக்குள் ஊசி என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, மின்சாரத்தில் பார்க்கலாம். அசுவினியின் முதுகில் வெள்ளிப் பசை ஒரு துளி வைத்து, அதில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுவோம். இன்னொரு மின்முனை தொட்டி மண்ணில். மிகச் சிறிய மின்னழுத்தம் கொடுத்திருப்போம். அது இலையில் ஊசியைக் குத்திய கணம் சுற்று முழுமையாகி, திரையில் கோடு எழும். இந்த வித்தையை 1964இல் மெக்லீன், கின்சி என்ற இருவர் தொடங்கிவைத்தார்கள். ஊசி திசுக்களுக்கு நடுவே வழி தேடுவது ஒரு மாதிரி அலை. வழியில் ஒரு செல்லைத் துளைத்துச் சுவை பார்க்கும்போது கோடு சடாரென்று இறங்கிச் சில வினாடியில் ஏறும். உணவுக்குழாயை எட்டியதும் அலை வேறாகும்: முதலில் இ1, அதாவது உள்ளே உமிழ்வது, பிறகு இ2, குடிப்பது. பார்லி மஞ்சள் குட்டை வைரஸ் செடிக்குள் போவது அந்த இ1இல்தான். செடியிலிருந்து பூச்சிக்கு ஏறுவது இ2இல்.

கம்பி ஒட்டுவதுதான் இதில் கஷ்டம். முதுகில் மெழுகுப் படலம் இருக்கும், பசை நிற்காது. தூரிகையால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்ட வேண்டும். பசை காலில் பட்டால் பூச்சி நடக்காது, வயிற்றுப் பக்கம் வழிந்தால் செத்துப்போகும். எல்லாவற்றையும் கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்தாலும் பக்கத்து அறையில் குளிர்பதனப் பெட்டி ஓட ஆரம்பித்தால் கோடு நடுங்கும். ஆனால் இ1 அலை திரையில் முதல் முறை விழும்போது, அந்தச் சின்ன உடம்பு இலைக்குள் துப்புகிற நொடியை நேரில் பார்க்கிறோம் என்ற எண்ணம் வரும். எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி இதுதான்.

உணவுக்குழாயை எட்ட நேரமாகிறது என்பது நடைமுறைக்கும் முக்கியம். பப்பாளி வளையப்புள்ளி வைரஸையும் அசுவினிதான் பரப்புகிறது, ஆனால் அது ஊசி முனையில் ஒட்டிக்கொண்டு போகிற அழுக்கு மாதிரி. மேல் செல்லை ஒரு குத்துக் குத்திச் சுவை பார்க்கும் சில நொடியில் ஏறும், அடுத்த செடியில் ஒரு குத்தில் இறங்கும், கொஞ்ச நேரத்தில் பூச்சியை விட்டுப் போய்விடும். பப்பாளியில் அசுவினி குடித்தனம்கூட நடத்துவதில்லை, போகிற வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் பறந்துவிடும். மருந்து கொல்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். அங்கே மருந்தைவிடத் தோட்டத்தைச் சுற்றி மக்காச்சோளம் நெருக்கமாக நடுவது, நோய்ச் செடியைப் பிடுங்குவது, சுத்தமான நாற்று ஆகியவைதான் வேலை செய்யும். வருகிற அசுவினி வேலியில் முதலில் குத்திப் பார்த்து ஊசியைச் சுத்தமாக்கிக்கொள்ளும். தானியத்தின் மஞ்சள் குட்டை நோயிலோ பூச்சி நிதானமாக உட்கார வேண்டும், அதனால் மருந்துக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையைச் சீரழித்த முடிக்கொத்து நோயும் இந்த இரண்டாவது ஜாதிதான், வாழை அசுவினியின் உடம்புக்குள் சுற்றிவருவது. உங்கள் பயிரில் அசுவினி பரப்பும் நோய் வந்தால், எந்த மருந்து என்று கேட்கும் முன் இது எந்த ஜாதி என்று கேளுங்கள்.

வயல் பக்கம் வருவோம். ஹார்பெண்டனில் உள்ள ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தார் 1964 முதல் 12.2 மீட்டர் உயரக் குழாய்களை நிறுத்தி, காற்றை உறிஞ்சி, அதில் விழும் பூச்சிகளை எண்ணிவருகிறார்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பல இடங்களில் குழாய்கள் உண்டு. அசுவினிகளை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் பார்த்து இனம் பிரித்து, வாராவாரம் விவரம் வெளியிடுகிறார்கள். உலகத்தில் இவ்வளவு நீண்ட அசுவினிக் கணக்கு கிடைப்பது அரிது, எங்கள் துறைக்கே அது சொத்து. ஆனாலும் எண்ணிக்கையை அப்படியே நம்பினால் ஏமாறுவோம். அக்டோபரில் குழாயில் கொத்துக் கொத்தாக விழும் ரோபலோசைஃபம் படியில் பெரும்பகுதி பறவைச்செர்ரி மரத்தைத் தேடிப் போகிற கூட்டம். ஆண்களும், மரத்தில் முட்டையிடப்போகும் பெண்களைப் பெறுகிற தாய்களும். அவை கோதுமைப் பக்கம் திரும்பிப் பார்க்காது. கோதுமைக்கு வருகிற கூட்டமும் பார்க்க அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும். உயிரோடு பிடித்து எங்கே குஞ்சு போடுகிறது என்று பார்த்தால்தான் தெரியும். 1970களில் அதே ரோத்தம்ஸ்டெட்டில் பிளம்ப் என்பவர் தாழ்வான குழாயில் அசுவினிகளை உயிரோடு பிடித்து, ஒவ்வொன்றையும் நாற்றில் விட்டு, நோய் ஏற்றுபவை எத்தனை பங்கு என்று கண்டு, அதை வந்த பூச்சிகளின் எண்ணிக்கையோடு பெருக்கி ஒரு குறியீடு உண்டாக்கினார். எத்தனை வந்தன என்பதோடு என்ன கொண்டுவந்தன என்பதையும் சேர்த்தால்தான் எண்ணுக்கு அர்த்தம் வருகிறது.

விவசாயிக்கு இவ்வளவு நேரம் கிடையாது. அவருக்கு 170 என்ற எண்தான். பயிர் முளைத்த நாளிலிருந்து ஒவ்வொரு நாள் சராசரி வெப்பத்திலும் 3 டிகிரியைக் கழித்து, மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். 170 ஆகும்போது வந்திறங்கிய பூச்சியின் பேத்திகள் பிறந்து, நடந்து பரவும் கட்டம் தொடங்குகிறது. மருந்து அடிப்பதென்றால் அதையொட்டித்தான். சராசரி 11 டிகிரி இருந்தால் மூன்று வாரத்தில் எட்டிவிடும். 6 டிகிரி என்றால் எட்டு வாரம். செப்டம்பரில் விதைத்தவரும் அக்டோபர் கடைசியில் விதைத்தவரும் ஒரே ஊரில் வெவ்வேறு உலகத்தில் இருப்பது இதனால்தான். தாமதமாக விதைத்தால் பறக்கும் கூட்டம் ஓய்ந்திருக்கும், குளிர் பெருக்கத்தை அடக்கும். ஆனால் இந்தப் பக்கத்துக் களிமண்ணில் மழை பிடித்துவிட்டால் டிராக்டரே இறங்காது, விதைப்பே போய்விடும் என்று விவசாயி பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.

முன்பு இவ்வளவு கணக்குத் தேவைப்படவில்லை. குளோதியானிடின் என்ற பூச்சிமருந்து கலந்த விதையை விதைத்துவிட்டால் முதல் சில வாரங்களுக்குக் கவலையில்லை. தேனீக்களுக்கு ஆபத்து என்று 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அதையும் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் ஆகியவற்றையும் திறந்தவெளிப் பயிருக்குத் தடை செய்தது. தடை சரிதான் என்பது என் எண்ணம். ஆனால் அந்த இடத்தைப் பெரும்பாலும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துத் தெளிப்பு பிடித்துக்கொண்டதுதான் வேதனை. 2011லேயே இங்கே தானிய அசுவினியில் பைரித்ராய்டுக்கு ஓரளவு எதிர்ப்புத் தரும் மரபணு மாற்றம் காணப்பட்டது. குறைந்த அளவில் அடித்தால் அந்தக் குடும்பம் தப்பிப் பிழைக்கும். சிலந்தியும் தரைவண்டும்தான் சாகும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தெளிப்பு என்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அடிப்பதென்றால் 170ஐப் பார்த்து, வயலில் மண்டியிட்டுப் பார்த்து, முழு அளவில், ஒரு முறை. விதைப்பதற்கு முன் தானாக முளைத்த தானியத்தையும் புல்லையும் நன்றாக அழித்துவிட்டு இடைவெளி விடுங்கள். அவற்றில் இருக்கும் இறகில்லாத அசுவினி மண் வழியாகவே புது நாற்றுக்கு ஏறிவிடும்.

போன தடவை ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, நாத்துல பூச்சியே கண்ணுக்குத் தெரியாதுங்கற, கதிர்ல மொய்க்கறப்ப உடுங்கற. உங்க ஊர் வெள்ளாமை எனக்குப் புரியல" என்றார். மக்காச்சோளத்தில் கதிர்த்தாரையில் அசுவினி அப்பியிருந்தது, மருந்துக்குத் தயாராக நின்றார். "சித்தப்பா, தாரையைக் கிட்டப் போய்ப் பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போனேன். பொறிவண்டு புழுக்கள் கறுப்பும் ஆரஞ்சுமாக ஊர்ந்துகொண்டிருந்தன, இலையில் மம்மிகளும் இருந்தன. பாதிக் காட்டை மட்டும் அடித்துவிட்டு மீதியை எனக்காக விட்டார். அறுவடையில் இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டால், "அத யாரு தனியா எடை போட்டா" என்கிறார். வயல் சோதனைக்கு ஏன் இவ்வளவு பணம் செலவாகிறது என்று கேட்பவர்களுக்கு அவர் பதிலே போதும்.

ஆய்வகத்தில் ஜெயித்தது வயலில் ஜெயிக்காது என்பதற்கு இந்தத் துறையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. அசுவினியை எதிரி பிடித்தால் அது பின்குழல்களிலிருந்து ஓர் அபாய மணத்தை விடும், பக்கத்தில் உள்ளவை ஊசியை உருவிக்கொண்டு ஓடும். அந்த மணத்தைக் கோதுமையே வெளியிடும்படி மரபணு மாற்றி, ரோத்தம்ஸ்டெட்டில் 2012, 2013இல் வயலில் விதைத்தார்கள். வயலைப் பிடுங்கி எறிவோம் என்று எதிர்ப்பாளர்கள் கூடினார்கள், போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் அசுவினிகள் அந்தக் கோதுமையை விட்டு விலகியிருந்தன. வயலில் சாதாரணக் கோதுமைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை என்று 2015இல் முடிவை வெளியிட்டார்கள். அசுவினி அந்த மணத்தை நொடிப்பொழுது வெடிப்பாக விடும். செடியோ எப்போதும் வீசிக்கொண்டிருந்தது, பூச்சிகளுக்குப் பழகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். தோற்ற முடிவை மறைக்காமல் அச்சில் ஏற்றினார்களே, எனக்கு அதில்தான் மரியாதை.

இப்போது நம்பிக்கை வைரஸை எதிர்க்கும் ரகங்கள்மேல். புல்வகை ஒன்றிலிருந்து கோதுமைக்கு மாற்றிய பி.டி.வி.2 என்ற மரபணு உள்ள ஆர்.ஜி.டி. வுல்வரின் என்ற ரகம் இங்கே விற்பனைக்கு வந்திருக்கிறது. பார்லியில் எத்தியோப்பிய ரகங்களிலிருந்து எடுத்த எதிர்ப்பு மரபணு 1950களின் கடைசியிலேயே கண்டறியப்பட்டது. இவை எதிர்ப்பது வைரஸைத்தான், அசுவினியை அல்ல. பூச்சி வழக்கம்போல் வரும், குடிக்கும், குஞ்சு போடும். வுல்வரின் விதைத்த ஒரு விவசாயி நவம்பரில் என்னைக் கூப்பிட்டு, எதிர்ப்பு ரகம் என்றார்களே, நாற்றில் பூச்சி உட்கார்ந்திருக்கிறதே என்று கோபப்பட்டார். உட்காரட்டும் என்றேன். நம்பவில்லை. வசந்தத்தில் அவரது வேறு ரக வயலில் திட்டுகள் வந்தபோது மறுபடி கூப்பிட்டார், இந்த முறை கோபமில்லாமல்.

வைரஸ் பூச்சியின் புத்தியையும் மாற்றுகிறது என்று 2012இல் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். வைரஸ் இல்லாத ரோபலோசைஃபம் படி நோயுள்ள கோதுமையை விரும்பிப் போகிறது. வைரஸ் ஏறியபின் நல்ல செடியைத் தேடிப் போகிறது. எடுக்கவும் கொடுக்கவும் வைரஸுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? எதிர்ப்பு ரகத்தில் இந்த விருப்பு வெறுப்பு எப்படி மாறும் என்பதுபோல இன்னும் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, வருகிறவர்களுக்கு.

வர நினைப்பவர்களுக்கு ஒன்று. பெரிய கருவி தெரியாதே என்று தயங்க வேண்டாம், இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம். ஊரிலேயே ஒரு பத்து மடங்கு லென்ஸ், மிக மெல்லிய தூரிகை, டம்ளரில் வளர்த்த சோள நாற்று, மூட ஒரு மல் துணி இவை போதும். சோளக் குருத்திலிருந்து ஒரு அசுவினியை எடுத்து நாற்றில் விட்டு, அது போடும் குஞ்சில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அப்புறப்படுத்துங்கள். அந்தக் குஞ்சு எப்போது தோல் உரித்தது, எந்த நாளில் முதல் குஞ்சு போட்டது, தினம் எத்தனை, அன்றைய வெப்பம் என்ன என்று அது சாகும்வரை நோட்டில் எழுதுங்கள். குஞ்சுகளை எண்ணியதும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் எது எப்போது பிறந்தது என்று குழம்பிவிடும். நேர்முகத் தேர்வில் அந்த நோட்டைக் காட்டுங்கள். எங்கள் குழுவில் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் புரட்டுவோம். அடித்துத் திருத்திய இடங்கள் இருந்தால் இன்னும் நல்லது.